ஸ்டிக்கும் அன்டெனாவும்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இலவசத் தொலைக்காட்சி பார்ப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரைக்கு மேல் அன்டெனா வைத்து மாதக் கட்டணம் எதுவுமின்றிப் பார்த்துவந்த அலைவரிசைகளை, இப்போது தொலைக்காட்சியின் பின்னால் செருகி இணையத்தில் இயக்கும் ‘ஸ்டிக்’ எனப்படும் சிறு கருவிகள் மூலமாகவும் பார்க்க முடிகிறது. கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எனக் கரையோரமெங்கும் இக்கருவிகள் வீடுகளுக்குள் வந்துவிட்டன. அவற்றோடு குழப்பங்களும் வந்திருக்கின்றன. அவற்றுள் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

கேள்வி: ஸ்டிக் ஒன்றை வாங்கிச் செருகினால், அன்டெனா இல்லாமலே ரூபவாஹினி, வசந்தம், சக்தி போன்றவை வந்துவிடுமா?

வரும், ஆனால் வேறு வழியால் வரும். இந்த வேறுபாடு விளங்கிவிட்டால் மற்றக் கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் டியூனர் என்ற பகுதி ஒன்று இருக்கிறது. அன்டெனா பிடித்துத் தரும் வானலையிலிருந்து வேண்டிய அலைவரிசையைப் பிரித்தெடுத்துப் படமும் ஒலியுமாக மாற்றுவது அதன் வேலை. குரோம்காஸ்ட், ஃபயர் டிவி ஸ்டிக், ஷியோமி ஸ்டிக் போன்ற கருவிகளில் டியூனர் கிடையாது. அன்டெனாக் கம்பியைச் செருகுவதற்குத் துளையும் கிடையாது. அவை செய்வதெல்லாம், அந்த நிலையம் தன் நிகழ்ச்சியை இணையத்திலும் ஏற்றியிருந்தால் அதனை உங்கள் வைஃபை வழியாக இறக்கிக் காட்டுவதுதான்.

ஆகவே வானலையில் இலவசமாக வரும் ஓர் அலைவரிசை ஸ்டிக்கிலும் வரவேண்டுமாயின் இரண்டு விடயங்கள் பொருந்த வேண்டும். நிலையம் அதனை நேரலையாக இணையத்தில் விட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அதற்குப் போதிய இணையமும் இருக்க வேண்டும். முதலாவது நிலையத்தின் விருப்பம்; இரண்டாவது உங்கள் செலவு. வானலையில் இந்த இரண்டுக்கும் இடமில்லை. அன்டெனா சரியாக இருந்தால் படம் வரும். பத்து மணித்தியாலம் பார்த்தாலும் மின்சாரத்தைத் தவிர வேறெதுவும் கழியாது.

கேள்வி: அப்படியானால் எந்தெந்த அலைவரிசைகளை ஸ்டிக்கில் இலவசமாகப் பார்க்கலாம்?

நிலையங்கள் தம் ஏற்பாடுகளை அடிக்கடி மாற்றுவதால் நிலையான பட்டியல் ஒன்றைத் தருவதில் பயனில்லை. தேடவேண்டிய ஒழுங்கைச் சொல்லலாம். முதலில் அந்நிலையத்தின் சொந்தச் செயலி ஸ்டிக்கின் செயலிக் கடையில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் யூடியூப்பில் அந்நிலையத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தைத் திறந்து, நேரலை ஓடுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால், நிலையத்தின் இணையத்தளத்தைக் கைப்பேசியில் திறந்து, அங்கே நேரலை இருக்குமாயின் கைப்பேசியிலிருந்து தொலைக்காட்சிக்கு அனுப்பலாம்.

ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்தின் நேத்ரா, ஐ.டி.என். நிறுவனம் 2009இல் தொடங்கிய வசந்தம், 1998இல் தொடங்கிய சக்தி ஆகிய தமிழ் அலைவரிசைகளைத் தேடுவோர், யூடியூப்பில் அதே பெயரையும் சின்னத்தையும் வைத்து மற்றவர்கள் நடத்தும் போலிப் பக்கங்களைக் கவனித்துத் தவிர்க்க வேண்டும். அவற்றில் ‘நேரலை’ என்ற சிவப்புப் பட்டையின் கீழ் ஓடுவது பெரும்பாலும் பழைய செய்தியறிக்கையாக இருக்கும்.

கேள்வி: இலவசம் என்கிறீர்கள், டேட்டா இவ்வளவு வேகமாகத் தீர்ந்துபோவது ஏன்?

அலைவரிசைதான் இலவசம், அதனைக் கொண்டுவரும் வழி இலவசமில்லை. கணக்கு எளிது. ஒரு நேரலை செக்கனுக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடினால் மணித்தியாலத்துக்கு 0.45 ஜிகாபைட் கழியும். சாதாரணத் தெளிவுள்ள படம் 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் மணித்தியாலத்துக்கு 0.9 ஜிகாபைட். நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் பார்க்கும் வீட்டில் 30 நாளில் 108 ஜிகாபைட் ஆகிவிடும். அதே வீட்டில் யாராவது உயர்ந்த தெளிவைத் தெரிவுசெய்து 5 மெகாபிட்டில் பார்த்தால் 270 ஜிகாபைட்.

மாலையில் நாடகம், இரவில் செய்தி என்று தொலைக்காட்சியை ஓடவிட்டுவிட்டுக் குசினிக்குள் வேலை செய்வது நம் வீடுகளின் வழக்கம். அன்டெனாக் காலத்தில் அதனால் நட்டமில்லை. ஸ்டிக்கில் யாரும் பார்க்காத நேரத்துக்கும் கணக்கு ஏறும். தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிட்டு ஸ்டிக்கை ஓடவிட்டால், இருட்டுத் திரைக்குப் பின்னாலும் ஏறக்கூடும். எனவே முதலில் நேரலையை நிறுத்தி முகப்புத் திரைக்கு வந்து, பின்னர் தொலைக்காட்சியை அணைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில டேட்டா பெக்கேஜ்கள் யூடியூப்பை மட்டும் வரம்பின்றித் தருகின்றன. அவற்றை வைத்திருப்போர் அதே அலைவரிசையை நிலையத்தின் சொந்தச் செயலியில் பார்த்தால் பொதுக் கணக்கிலிருந்து டேட்டா கழியும். வரம்பற்ற ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டாருக்கு இந்தக் கவலைகள் இல்லை. ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் அவ்விணைப்பு எட்டாத ஊர்களில், கைப்பேசிக் கோபுரத்தை நம்பி நாள் முழுவதும் தொலைக்காட்சி பார்ப்பது கட்டுப்படியாகாது என்பதே என் கருத்து.

கேள்வி: கிரிக்கெட் போட்டி நாளில் மட்டும் நேரலை நின்றுவிடுவது ஏன்?

உரிமை காரணம். ஒரு போட்டியை வானலையில் ஒளிபரப்பும் உரிமையும் இணையத்தில் காட்டும் உரிமையும் தனித்தனியாக விற்கப்படுகின்றன. நிலையத்திடம் முதலாவது மட்டும் இருந்தால், அன்டெனாவில் போட்டி ஓடும். அதே நேரத்தில் இணையத்தில் வேறு நிகழ்ச்சியோ அறிவிப்புப் பலகையோ வரும். உங்கள் ஸ்டிக்கில் கோளாறு ஏதுமில்லை.

உரிமை இருந்தாலும் தாமதத்தைத் தவிர்க்க முடியாது. இணைய நேரலை துண்டு துண்டாக வெட்டப்பட்டு, சுருக்கப்பட்டு, உங்கள் கருவியில் சிறிது சேமிக்கப்பட்ட பின்னரே ஓடத் தொடங்குவதால், வானலையைவிட அரை நிமிடம் பிந்துவது சாதாரணம். அடுத்த வளவில் அன்டெனாவில் பார்ப்பவர்கள் ஆரவாரம் செய்து முடித்த பிறகுதான் உங்கள் திரையில் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்குவார்.

கேள்வி: எங்கள் பகுதியில் அன்டெனாவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? எவ்வளவு உயரம் வேண்டும்?

நாட்டின் முக்கியமான ஒளிபரப்பு நிலையங்கள் மலைநாட்டில் இருக்கின்றன. 1982 பெப்ரவரி 15 அன்று ரூபவாஹினி தன் சேவையைத் தொடங்கியதிலிருந்து, 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகல மலை நாட்டின் பெரும்பகுதிக்குப் படம் அனுப்பும் இடமாக இருந்துவருகிறது. மட்டக்களப்பு நகரிலிருந்து அம்மலை நேர்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். அம்பாறை நகரிலிருந்து 105 கிலோமீற்றர் அளவில். அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படும் அலை, பூமியின் வளைவைக் கணக்கிட்டாலும் தடையற்ற திசையில் 200 கிலோமீற்றருக்கு மேல் செல்லக்கூடியது. ஆகவே தூரம் பெரிய பிரச்சினையன்று. இடையில் நிற்கும் மலைத்தொடர்களும், வீட்டுக்கு அண்மையிலுள்ள தென்னை மரங்களும் மாடிக் கட்டடங்களுமே பிரச்சினை.

திசையைப் பொறுத்தவரை, மட்டக்களப்பு, ஏறாவூர் பக்கத்தார் தென்மேற்கை நோக்கித் தொடங்கலாம். கல்முனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே போகப் போக அன்டெனா மேற்குப் பக்கம் சாயும். பொத்துவிலில் ஏறத்தாழ நேர் மேற்கு. எல்லா நிலையங்களும் ஒரே மலையிலிருந்து ஒளிபரப்புவதில்லை. எனவே ஒன்று தெளிவாகவும் மற்றொன்று பனி விழுவதுபோலவும் வருவது இயல்பு. ஒருவர் மேலே நின்று திருப்ப, ஒருவர் திரையைப் பார்த்துக் குரல் கொடுக்கும் பழைய முறையே இன்னும் சிறந்தது. கைப்பேசியின் திசைகாட்டி தொடக்கத் திசையைத் தரும். கடைசிச் சில பாகைகளைக் கண்தான் தீர்மானிக்க வேண்டும்.

அன்டெனாவின் வகையும் முக்கியம். குறுக்குக் கம்பிகளின் நீளம் அலைநீளத்தின் பாதியளவாக இருக்க வேண்டும். 200 மெகாஹேர்ட்ஸ் அளவில் வரும் வி.எச்.எஃப். அலைக்கு அது முக்கால் மீற்றர்; 600 மெகாஹேர்ட்ஸ் அளவிலான யூ.எச்.எஃப். அலைக்குக் கால் மீற்றர். கடைகளில் ‘எல்லாம் பிடிக்கும்’ என்று விற்கப்படும் உள்ளங்கை அகலத்துத் தட்டை அன்டெனாக்கள், பெருநகரங்களில் கோபுரத்துக்குப் பக்கத்தில் வசிப்போரின் டிஜிட்டல் வரவேற்புக்காகச் செய்யப்பட்டவை. நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் நமக்கு, கூரைக்கு மேலே குழாயில் நிற்கும் மீன்முள் வடிவ அன்டெனாவுக்கு ஈடில்லை.

அலையைப் பெருக்கும் பூஸ்டர் வாங்குவதாயின், தொலைக்காட்சிக்குப் பின்னால் வைப்பதை வாங்காமல், அன்டெனாவுக்குப் பக்கத்தில் குழாயிலேயே பூட்டுவதை வாங்குங்கள். கம்பி வழியே வரும்போது அலை தேய்ந்து இரைச்சல் சேர்ந்த பின்னர் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். கம்பி 75 ஓம் வகையாக இருக்க வேண்டும். இடையில் முறுக்கி ஒட்டுப்போட்ட இடங்கள் இருக்கக் கூடாது.

கேள்வி: புதிய ஸ்மார்ட் டிவியில் அன்டெனாவைப் பூட்டித் தேடினால் ஒன்றுமே வரவில்லை, அல்லது படம் வருகிறது, ஒலி வரவில்லை. ஏன்?

இலங்கையின் வானலை ஒளிபரப்பு, டிஜிட்டலுக்கு முந்திய அனலொக் முறையிலானது. அதற்குப் பால் (PAL) பி/ஜி என்று பெயர். புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் தேடல் தொடங்கும்போது ‘டிஜிட்டல் மட்டும்’ என்று தெரிவாகியிருக்கும். அதனை அனலொக் என்றோ இரண்டும் என்றோ மாற்றித் தேட வேண்டும். படம் வந்து ஒலி வராமல் இரைச்சல் மட்டும் கேட்டால், ஒலி முறை டி/கே அல்லது ஐ என்று இருக்கிறது என்பதே பொருள். பி/ஜி என்று மாற்றினால் சரியாகிவிடும். படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான அதிர்வெண் இடைவெளி பி/ஜி முறையில் 5.5 மெகாஹேர்ட்ஸ், மற்ற முறைகளில் அது வேறுபடுவதால் பெட்டி தவறான இடத்தில் ஒலியைத் தேடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: கனடாவிலிருந்து வந்த உறவினர் அன்டெனாவைப் பூட்டினால் அலைவரிசைகளை வைஃபையில் விடும் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். இங்கே வேலை செய்யுமா?

செய்யாது. டாப்லோ, எச்.டி. ஹோம்ரன் போன்ற பெட்டிகள் நல்ல யோசனையில் பிறந்தவை: உள்ளே டியூனர் இருக்கும், அன்டெனாக் கம்பி அதற்குள் போகும், அது பிடித்த அலைவரிசையை வீட்டிலுள்ள எல்லா ஸ்டிக்குகளும் கைப்பேசிகளும் இணையச் செலவில்லாமல் பார்க்கும். ஆனால் கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்கப்படுபவை அங்குள்ள ஏ.டி.எஸ்.சி. டிஜிட்டல் முறைக்கானவை, இலண்டனிலிருந்து வருபவை டி.வி.பி. முறைக்கானவை. நம் அனலொக் அலை அவற்றின் டியூனருக்கு வெறும் இரைச்சல். மின்சாரம் ஏற்றிப் பார்ப்பதாயின் அடப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். 120 என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட் அதனை எரித்துவிடும்.

அதே வேலையை இங்கே செய்ய விரும்புவோருக்கு ஒரு வழி இருக்கிறது. பால் பி/ஜி அனலொக் டியூனர் உள்ள யூ.எஸ்.பி. கருவியைப் பழைய கணினியில் பூட்டி, கணினி அதனைச் சுருக்கி வீட்டு வைஃபையில் விடும்படி செய்யலாம். கைவேலைப் பிரியம் உள்ளவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. மற்றவர்களுக்கு நான் இதனைச் சிபாரிசு செய்யமாட்டேன். ஓர் அலைவரிசைக்காக ஒரு கணினி நாள் முழுவதும் ஓட வேண்டும், படமும் அனலொக் தெளிவைத் தாண்டாது.

கேள்வி: இலண்டனில் உள்ளவர்கள் ஸ்டிக்கில் அவ்வூர் அலைவரிசைகளை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்களே, அதே செயலிகளை இங்கே போடலாமா?

பிரித்தானியாவில் 2002 முதல் ஃப்ரீவியூ என்ற பெயரில் வானலை டிஜிட்டல் சேவை இருக்கிறது. 2024இல் தொடங்கிய ஃப்ரீலி, அதே நிலையங்களை அன்டெனா இல்லாமல் இணையம் வழியாகத் தருகிறது. ஆனால் பி.பி.சி. உள்ளிட்ட அந்நிலையங்களின் செயலிகள் பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைச் சோதித்து, வெளிநாட்டில் இருப்போருக்குத் திறப்பதில்லை. தவிர, அங்கே நேரலைத் தொலைக்காட்சி பார்ப்போர் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும்; ‘இலவசம்’ என்பது அக்கட்டணம் நீங்கலாகத்தான்.

கேள்வி: மாதக் கட்டணமே இல்லாமல் ஆயிரக்கணக்கான அலைவரிசைகள் தரும் ஆன்ட்ரொய்ட் பெட்டிகளை வாங்கலாமா?

வாங்காதீர்கள். உலகத்திலுள்ள கட்டண அலைவரிசைகளையெல்லாம் ஒரே விலைக்குத் தரும் பெட்டி, அவற்றை உரியவரிடம் அனுமதி பெறாமல் எடுத்துத் தருகிறது. அந்த வழி அடைபடும் நாளில் விற்றவர் பொறுப்பேற்க மாட்டார். அதைவிடப் பாரதூரமானது உள்ளே ஒளிந்திருப்பது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., பேட்பொக்ஸ் 2.0 என்ற தீங்குநிரல் பற்றி எச்சரித்தது. பெயர் தெரியாத மலிவான பெட்டிகள் சில விற்பனைக்கு வருவதற்கு முன்னரே அந்நிரல் ஏற்றப்பட்டனவாகவும், வேறு சில முதன்முறை இயக்கும்போது ஏற்கும் செயலிகள் வழியாகத் தொற்றுவனவாகவும் இருந்தன. அத்தகைய பெட்டி உங்கள் வீட்டு இணையத்தை முன்பின் தெரியாதவர்களின் மோசடி வேலைகளுக்கு வாசலாக்கிவிடும். வங்கிக் கணக்கை இயக்கும் கைப்பேசியும் அதே வைஃபையில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கூகிள் கடையின் பாதுகாப்புச் சோதனையை அணைத்துவிட்டு வேறு கடையிலிருந்து செயலி ஏற்றச் சொல்லும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

கேள்வி: பழைய பெருத்த முதுகுத் தொலைக்காட்சியில் ஸ்டிக் போடலாமா?

போடலாம். ஸ்டிக் தரும் எச்.டி.எம்.ஐ. எனும் டிஜிட்டல் பட, ஒலிச் சமிக்ஞையை மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளுக்கு மாற்றும் சிறு பெட்டி ஒன்று வேண்டும். எதிர்த்திசையில் மாற்றும் பெட்டியும் அதே தோற்றத்தில் விற்கப்படுவதால் கேட்டு வாங்குங்கள். திரையின் ஓரங்களும் சிறிய எழுத்துகளும் சரியாகத் தெரியாது. ஸ்டிக்குக்கு மின்சாரத்தை அதன் சொந்த அடப்டரிலிருந்தே கொடுங்கள். புதிய தொலைக்காட்சியிலும் பின்புற யூ.எஸ்.பி. துளையிலிருந்து கொடுத்தால் மின்னோட்டம் போதாமல் ஸ்டிக் இடையிடையே தானாக அணைந்து எழக்கூடும்.

கேள்வி: மழைக்காலத்தில் எது நம்பத்தக்கது?

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், குறிப்பாகக் கார்த்திகை, மார்கழியில், இரண்டுக்கும் இடைஞ்சல் உண்டு. ஆனால் வெவ்வேறு விதமாக. பெருங்காற்று அன்டெனாவைத் திருப்பிவிடும். நனைந்த மரங்கள் யூ.எச்.எஃப். அலையைத் தேய்க்கும். மின்வெட்டு நீண்டால் ரவுட்டர் நிற்கும். கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலம் தீர்ந்தால் ஊரே இணையத்தை இழக்கும். மலை உச்சியிலுள்ள ஒளிபரப்பு நிலையத்துக்கோ நம் ஊரின் மின்வெட்டு தெரியாது. வீட்டில் இன்வேர்ட்டர் ஒன்று இருந்தால் அன்டெனாவில் செய்தி வந்துகொண்டிருக்கும். 1978 நவம்பர் சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் வீடுகளில் பற்றரியில் ஓடும் வானொலி ஒன்றை இன்னும் காணலாம். அதற்கு மேலான ஏற்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இடி முழங்கத் தொடங்கியதும் அன்டெனாக் கம்பியைத் தொலைக்காட்சியிலிருந்து கழற்றி, பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். ஆளியை அணைப்பது மட்டும் போதாது. இடி மின்னல் அடங்கும்வரை கம்பியைத் தொடவும் வேண்டாம். கடற்கரைக்கு அண்மையில் இருப்போர் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னர், அன்டெனாவின் இணைப்புப் பெட்டியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்புக்காற்று செப்பு முனைகளைத் தின்னும். முனையைச் சுரண்டி, புதிதாக முடுக்கி, மழை புகாமல் நாடா சுற்றிவிட்டால் ‘அன்டெனா பழுதாகிவிட்டது’ என்று எறியப்படுபவை பல உயிர் பெறும்.

கேள்வி: இலங்கை டிஜிட்டலுக்கு மாறப்போகிறதாமே, இப்போது தொலைக்காட்சி வாங்குவோர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

2014இல் அரசாங்கம் ஜப்பானிய முறையான ஐ.எஸ்.டி.பி.-டி-யைத் தெரிவுசெய்தது, வேலைகள் பல ஆண்டுகள் இழுபட்டிருக்கின்றன. கடைகளில் உள்ள தொலைக்காட்சிகள் பலவற்றின் பெட்டியில் ‘டிஜிட்டல் டியூனர் உண்டு’ என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் டி.வி.பி.-டி2 முறையைக் குறிக்கும். அது வேறு முறை. ஆகவே அந்த ஒரு வரிக்காக மேலதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. மாற்றம் வரும்போது, எந்தத் தொலைக்காட்சியானாலும் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் உரிய டிஜிட்டல் பெட்டி ஒன்றை வெளியே பூட்டிக்கொள்ளலாம். கூரையிலுள்ள யூ.எச்.எஃப். அன்டெனாவும் வீணாகாது, அன்டெனாவுக்கு அனலொக், டிஜிட்டல் என்ற பேதமில்லை, அதிர்வெண் மட்டுமே கணக்கு. கடையில் கேட்க வேண்டியவை இரண்டு: அனலொக் டியூனர் இருக்கிறதா, எச்.டி.எம்.ஐ. துளை குறைந்தது இரண்டு இருக்கின்றனவா. ஒன்று இன்றைய ஸ்டிக்குக்கு, மற்றது நாளைய பெட்டிக்கு.